கரியிழையும் உப்புக்காற்றும்

பெரிய மார்க்கெட் என்று சொன்னால் புதுச்சேரிக்காரர்களுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. ஆவணங்களில் அதற்குக் குபேர் அங்காடி என்று பெயர். 1963-இல் புதுவை யூனியன் பிரதேசத்தின் முதல் முதலமைச்சராக வந்த எதுவார் குபேரின் பெயர் அது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கீரை வாங்கப் புறப்படுவதில்லை. நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே, மீனும் பூவும் புளியும் கலந்த ஒரு வாசனையோடு அது இருக்கிறது. துய்ப்ளேக்சின் துபாஷியாகவும் பெருவணிகராகவும் இருந்து 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையும் பக்கத்திலேயேதான். இலக்கிய நண்பர்கள் வெளியூரிலிருந்து வந்தால் முதலில் அந்த வீட்டைத்தான் கேட்கிறார்கள். நாங்கள் வழி காட்டிவிட்டு, வந்தது வந்தோம் என்று தேங்காய் வாங்கிக்கொண்டு திரும்புவோம்.

மார்க்கெட்டுக்குள்ளும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் கிடைக்காத பொருள்கள் உண்டு. கரியிழை என்று இக்கட்டுரையில் நாங்கள் சொல்லப்போகும் கார்பன் பைபர் அவற்றுள் ஒன்று. ஆனால் அந்தக் கரியிழையால் செய்த பொருள் ஒன்று வெயிலில் வெளுத்து, உப்புக்காற்றில் பூத்துப்போய்விட்டால், அதைப் புதுக்குவதற்கு வேண்டியவற்றில் முக்கால் பங்கு இங்கே கிடைத்துவிடும். உப்புத்தாள், நீரில் நனைத்துத் தேய்க்கும் வாட்டர் பேப்பர், மாஸ்கிங் டேப், ரப்பர் கையுறை, பழைய பனியன் துணி, பிளாஸ்டிக் வாளி, ரப்பர் வாஷர். மீதிக் கால் பங்கை அஞ்சலில் வரவழைத்தோம். எபாக்ஸி பிசினும் அதன் ஹார்டனரும்.

எதைப் புதுக்கினோம் என்று சொல்லவேண்டும். எங்களில் ஒருவருக்குத் தம்பியாகவும் மற்றவருக்கு மைத்துனனாகவும் உள்ள ஒருவன் 2021-இல் பிரான்சுக்குப் போனான். புதுவைக் குடும்பங்களில் இது செய்தியே அல்ல. போகும்போது தன் கேடிஎம் டியூக் 390 வண்டியை எங்கள் வீட்டு வாசல் கொட்டகையில் நிறுத்திவிட்டுப் போனான். அந்த வண்டியின் மேல் அவன் செலவழித்த காசை அவனுடைய அக்கா இன்னும் முழுவதும் மன்னிக்கவில்லை. முன்சக்கரத்து மட்கார்டு, பின்சக்கரத்தைத் தழுவியிருக்கும் மூடி, செயின் கார்டு, டேங்கின் இருபுறத் தகடுகள் என ஐந்து உறுப்புகளைக் கழற்றி எறிந்துவிட்டு, அவற்றின் இடத்தில் கரியிழை உறுப்புகளை வாங்கிப் பொருத்தியிருந்தான். கறுப்புப் பட்டுப்புடவையை வார்னிஷில் முக்கி எடுத்ததுபோல் மின்னிய உறுப்புகள். மூன்று ஆண்டுகளில் அவை பழைய மோர்க்குவளையைப்போல் மங்கிப்போயின. 2024-ஆம் ஆண்டு தைமாதம் அவன் தொலைபேசியில் அழைத்தான். அங்கே வீடு மாறவேண்டியிருக்கிறது, முன்பணம் கேட்கிறார்கள், வண்டியை விற்றுவிடுங்கள் என்றான். "அந்த கார்பன் பார்ட்ஸ் மட்டும் கொஞ்சம் பாலிஷ் போட்டுடுங்க மாமா. அதுக்குத்தான் விலையே." வேலை இப்படித்தான் எங்களிடம் வந்து சேர்ந்தது.

*

கரி என்ற சொல் தமிழில் ஒரு விசித்திரமான சொல். அடுப்புக் கரி நமக்குத் தெரியும். யானைக்கும் கரி என்று பெயர். சாட்சிக்கும் கரி என்று பெயர், திருக்குறளிலேயே அந்தப் பொருளில் அது வருகிறது. எனவே கரியிழை என்று மொழிபெயர்த்தால் மூன்று பொருளும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. கறுப்பானது, யானைப் பலம் கொண்டது, சாட்சி சொல்வது. மூன்றாவதைப் பற்றிப் பிறகு.

எடிசன் 1879-இல் தன் மின்விளக்குக்காகப் பருத்தி நூலைக் கரியாக்கினார், பிறகு மூங்கில் நாரைக் கரியாக்கினார். அவை ஒளிர்ந்தன, பலம் கிடையாது. பலமுள்ள கரியிழை பிறக்க எண்பது ஆண்டுகள் ஆயின. 1958-இல் அமெரிக்காவின் யூனியன் கார்பைடு ஆய்வகத்தில் ரோஜர் பேக்கன் என்பவர் மிக வலிமையான கிராபைட் இழைகளைக் கண்டார். அதையொட்டி ஜப்பானில் அகியோ ஷிண்டோ, ஸ்வெட்டர் பின்னும் செயற்கைக் கம்பளி வகையைச் சேர்ந்த ஓர் இழையைக் கட்டுப்பாடான வெப்பத்தில் கரியாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1971-இல் டோரே நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஓர் இழையின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூற்றைம்பதில் ஒரு பங்கு. நம் தலைமுடியைப் பிளந்து பத்தாக்கினால் ஒருவேளை அந்த அளவுக்கு வரும். இப்படிப்பட்ட மூவாயிரம் இழைகளைச் சேர்த்து ஒரு புரி. புரிகளைப் பாவும் ஊடையுமாக நெய்தால் துணி. அந்தத் துணியைப் பிசினில் தோய்த்து அச்சில் வைத்து இறுகச்செய்தால் உறுப்பு. எஃகின் எடையில் ஐந்தில் ஒரு பங்குகூட அது இருக்காது.

1981-இல் மெக்லாரன் பந்தயக் காரின் உடற்கூடு முழுவதும் இதனால் செய்யப்பட்டபோது பலர் சிரித்தார்களாம், மோதினால் தூளாகிவிடும் என்று. அதே ஆண்டு இத்தாலியின் மான்ஸாவில் ஜான் வாட்சனின் வண்டி மோதி இரண்டாகப் பிய்ந்தது. அவர் எழுந்து நடந்து போனார். பிறகு யாரும் சிரிக்கவில்லை. மோட்டார் சைக்கிள் உலகில் நியூசிலாந்துக்காரர் ஜான் பிரிட்டனைச் சொல்லவேண்டும். 1990-களின் தொடக்கத்தில் சிறு குழு ஒன்றோடு சேர்ந்து, சக்கரம் முதல் முன்பக்கத் தாங்கி வரை கரியிழையிலேயே கையால் வடித்து, பெரிய நிறுவனங்களின் பந்தய வண்டிகளை முந்தினார். 1995-இல் நாற்பத்தைந்து வயதில் இறந்துவிட்டார். நம்மூர்க் கதை ஒன்றும் உண்டு. ஏவுகணைக்காக உருவாக்கிய இலேசான கரிமப் பொருளைக் கையில் தூக்கிப் பார்த்த ஐதராபாத் மருத்துவர் ஒருவரின் தூண்டுதலால், மூன்று கிலோ இரும்புத் தாங்கியைக் காலில் இழுத்துக்கொண்டு நடந்த குழந்தைகளுக்கு முந்நூறு கிராமில் தாங்கி செய்துகொடுத்ததைத் தன் வாழ்வின் பேரின்பங்களில் ஒன்றாக அப்துல் கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

இத்தனை பெருமை கொண்ட பொருள் எங்கள் வாசலில் மூன்று ஆண்டில் எப்படி மங்கியது?

மங்கியது கரி அல்ல. இதை விளங்கிக்கொள்ள எங்களுக்குச் சில நாள் பிடித்தது. கரியிழைக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை. அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் பிசின்தான் வெயிலுக்கு அஞ்சுகிறது. சூரியனின் புற ஊதாக் கதிர் எபாக்ஸியின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கிறது. முதலில் மஞ்சள் பூக்கும், பிறகு சுண்ணாம்பு பூத்ததுபோல் வெளுக்கும், அதன்பின் மயிரிழை வெடிப்புகள். நல்ல உறுப்புகளில் பிசினுக்குமேல் கதிரைத் தடுக்கும் கண்ணாடிப் பூச்சு ஒன்று அடித்திருப்பார்கள். அந்தப் பூச்சு உள்ளவரை பிசினுக்கு ஆபத்தில்லை. பூச்சு போனால் பிசின், பிசின் போனால்தான் இழை. எனவே நாம் வாங்கும்போது பார்த்து மயங்கும் அந்தக் கறுப்புக்கு உண்மையில் வயதாவதே இல்லை. அதைப் பார்க்க விடுகிற ஒளிபுகு படலத்துக்குத்தான் வயதாகிறது.

*

வேலையைத் தொடங்குமுன் இரண்டு சோதனைகள்.

முதல் சோதனை, இது கரியிழைதானா என்பது. கார்பன் என்ற பெயரில் விற்பவற்றில் பாதி வெறும் ஸ்டிக்கர். இன்னொரு வகை, நெசவு அச்சிட்ட படலத்தை நீரில் மிதக்கவிட்டு அதில் பிளாஸ்டிக்கை முக்கி எடுப்பது. இவற்றை உப்புத்தாளால் தேய்த்தால் படம் அழிந்து பிளாஸ்டிக் பல்லிளிக்கும். உண்மையான நெசவைக் கையில் வைத்துத் திருப்பினால், பட்டுப்புடவையின் மயில்கழுத்து நிறம்போல், ஒரு கோணத்தில் வெளுத்த புரி மறு கோணத்தில் கறுக்கும். அச்சிட்ட நெசவு எந்தக் கோணத்திலும் ஒரே மாதிரி விழித்துக்கொண்டிருக்கும். உட்புறத்தையும் பார்க்கவேண்டும். அழகுக்கு மேலே ஓர் அடுக்கு கரியிழை வைத்து அடியில் முழுவதும் கண்ணாடியிழை போட்டிருப்பதும் உண்டு. அது குற்றமன்று, சொல்லி விற்றால். எங்கள் ஐந்து உறுப்புகளும் முதல் சோதனையில் தேறின.

இரண்டாவது சோதனைக்கு ஓர் ஐந்து ரூபாய் நாணயம் போதும். நாணயத்தின் விளிம்பால் உறுப்பின் மேல் விரற்கடை விரற்கடையாகத் தட்டிக்கொண்டே போகவேண்டும். அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இடத்தில் கணீரென்று கேட்கும். அடுக்குகள் உள்ளே பிரிந்திருந்தால் ஓசை மொத்தையாக மாறும். விமானப் பராமரிப்பிலும் இந்தத் தட்டுச் சோதனை இன்றும் இருக்கிறது. படித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பெரிய மார்க்கெட்டில் மண்பானை வாங்கும் எந்தப் பெண்மணியும் சுண்டுவிரலை மடக்கிச் செய்வது இதைத்தானே? தேங்காய்க் கடைக்காரர் இரண்டு காய்களை மோதிப் பார்த்து ஒன்றை மட்டும் தனியே வைப்பதும் இதே கணக்குதான். கண்ணுக்குப் புலப்படாததைக் காதால் பார்ப்பது நமக்கு ஒன்றும் புதிதல்ல.

நான்கு உறுப்புகள் கணீரென்றன. முன்சக்கர மட்கார்டு மட்டும், இடப்பக்கம் திருகாணி நுழையும் துளையைச் சுற்றி ஏறக்குறைய இரண்டு விரல் அகலத்துக்கு, ஈரப் பானைபோல் மொத்தென்றது. மேற்பரப்பில் கீறல் ஏதுமில்லை. அதைத் தனியே எடுத்துவைத்துவிட்டு மற்ற நான்கில் இறங்கினோம்.

*

தேய்ப்பது. முழு வேலையும் தேய்ப்பதுதான், மற்றதெல்லாம் காத்திருத்தல்.

கரியிழைத் தூள் நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது. அரிப்பு இரண்டு நாள் விடாது. தூள் மின்சாரத்தையும் கடத்தும் என்பதால் பக்கத்தில் மின்விசிறி, சுவிட்சுப் பலகை இருந்தால் அவற்றுக்கும் நல்லதல்ல. எனவே உலர்வாகத் தேய்க்கவே கூடாது. வாளியில் தண்ணீர், அதில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, நனைந்த வாட்டர் பேப்பர், முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை. நானூறாம் எண்ணில் தொடங்கி அறுநூறு, எண்ணூறு என்று போகவேண்டும். வளைவுகளில் விரலால் அழுத்தாமல், தாளுக்குப் பின்னே ஒரு ரப்பர்த் துண்டை வைத்துத் தேய்த்தால் பள்ளம் விழாது.

கவனிக்கவேண்டியது வழிந்தோடும் நீரின் நிறம். பூச்சு தேயும்வரை நீர் அரிசி களைந்த தண்ணீர்போல் வெள்ளையாக ஓடும். அது சாம்பல் நிறத்துக்கு மாறத்தொடங்கினால் நாம் இழையைத் தொட்டுவிட்டோம் என்று பொருள். அந்தக் கணமே நிறுத்தவேண்டும். ஒரு மெல்லிய துணி அடுக்கின் கனம் கால் மில்லிமீட்டர் அளவுதான். அதைத் தேய்த்தால் நெசவுப் படம் சிதைவதோடு உறுப்பின் பலமும் குறையும். எங்களில் ஒருவர் தேய்க்க, மற்றவர் வாளிக்குமேல் குனிந்து நீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வேறெந்த வீட்டு வேலையிலும் நாங்கள் இவ்வளவு இணக்கமாக இருந்ததில்லை. அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் ஒருநாள் தெளியவிட்டு, அடியில் படிந்ததைப் பழைய துணியில் வடித்துக் குப்பையில் சேர்த்தோம்.

அடுத்தது எபாக்ஸிப் பூச்சு. புதுச்சேரியில் இதைச் செய்பவர்கள் பஞ்சாங்கம் பார்க்கவேண்டும். நாங்கள் கேலிக்குச் சொல்லவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக் காற்றில் எபாக்ஸியைத் தொடவே கூடாது. காற்றிலுள்ள ஈரமும் கரியமிலவாயுவும் ஹார்டனரோடு வினைபுரிந்து, இறுகிய பிசின்மேல் மெழுகுபோல் வழவழப்பான ஒரு படலத்தைக் கொண்டுவரும். அதன்மேல் எதைப் பூசினாலும் ஒட்டாது. அக்கினி வெயிலும் ஆகாது. கலந்த பிசின் தானே சூடேறும் தன்மை உடையது. குவளையில் மொத்தமாக வைத்திருந்தால் அந்தச் சூடு தன்னைத்தானே வளர்த்துக்கொண்டு, புகைந்து கல்லாகிவிடும். எனவே மாசி மாதத்து மாலை வேளைகளைத் தேர்ந்துகொண்டோம். மாலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. உறுப்பில் ஊசிமுனைத் துளைகள் இருக்கும். வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் பூசினால் துளைக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழியாக வெளியே வரும். வெப்பம் இறங்கும் நேரத்தில் பூசினால் உள்காற்று சுருங்கி, பிசினைத் துளைக்குள் இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக, முப்பது கிராமுக்கு மேற்படாமல், சிறு மின்தராசில் நிறுத்துக் கலந்தோம். கண்ணளவு இங்கே செல்லாது. விகிதம் பிசகினால் பிசின் என்றைக்கும் இறுகாது.

மறுநாள் வெதுவெதுப்பான நீரால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, நானூறாம் எண் தாளால் மட்டமாக்கி, இன்னொரு பூச்சு. இப்படி மூன்று மாலைகள். மூன்றாம் நாள் காலையில் கொடியில் தொங்கிய டேங்க் தகட்டில் பக்கத்து வீட்டு முருங்கை மரம் தெரிந்தது.

ஆனால் இது பாதிதான். எபாக்ஸியை வெயிலுக்குத் தனியே அனுப்பினால் பழைய கதைதான். அதன்மேல் புற ஊதாவைத் தாங்கும் இருகலவைக் கிளியர் கோட் வேண்டும். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதை மூடிய வீட்டில் தெளிப்பது முட்டாள்தனம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் ஆஸ்துமாவாக நிலைத்துவிடக்கூடிய பொருள், சாதாரணத் துணி முகமூடிக்குக் கட்டுப்படாது. வீட்டிலேயே எல்லாம் செய்தோம் என்று சொல்லிக்கொள்ளும் பெருமைக்காக நுரையீரலைப் பணயம் வைக்க எங்களுக்கு விருப்பமில்லை. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம், தெளிப்பறையும் காற்றுக்குழாய் முகமூடியும் வைத்திருக்கும் ஒரு கார் பெயின்டரிடம் நான்கையும் கொண்டுபோனோம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பட்டி எதுவும் பாக்கலியே?" என்று மட்டும் கேட்டார். பட்டி வைத்து மறைத்த வேலைகளையே பார்த்துப் பழகியவர். ஒரு வாரம் ஆறவிட்டு, ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம், மூவாயிரம் எண் தாள்களால் நீரில் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டால் மெருகேற்றினோம். முதல் இரண்டு தாள்களில் மின்னல் முழுவதும் போய்ப் பால்போல் ஆகிவிடும். தெரியாதவர்கள் அங்கே பதறிவிடுவார்கள். மெருகு அதன்பின்தான் வருகிறது.

கடற்கரை ஊர்க்காரர்கள் கவனிக்கவேண்டிய ஒரு செய்தி திருகாணிகள். கரி மின்சாரத்தைக் கடத்தும். அதோடு அலுமினியத்தை ஒட்டவைத்து நடுவில் உப்புநீர் புகவிட்டால், அது ஒரு சிறிய மின்கலமாகிவிடுகிறது. அதில் அரித்துப்போவது எப்போதும் அலுமினியம்தான். தம்பியின் வண்டியில் அழகுக்காகப் போட்டிருந்த வண்ண அலுமினியத் திருகாணிகள் வெள்ளைப் பொடி கக்கி நின்றதன் காரணம் இது. துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளும், கரியைத் தொடவிடாமல் இருபுறமும் ரப்பர் வாஷர்களும் வாங்கினோம். மொத்தச் செலவு நூற்றிருபது ரூபாய்.

*

இனி அந்த மட்கார்டு.

நான்கு உறுப்புகளுக்கு நடுவே அது மட்டும் மங்கலாகக் கிடந்தது. அதையும் அதேபோல் தேய்த்துப் பூசி மெருகேற்ற எங்களுக்கு இரண்டு நாள் வேலை. எவருடைய கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. தம்பியிடம் சொன்னோம். மறுமுனையில் சற்று மௌனம். "மேல கீறல் ஏதாவது இருக்கா மாமா?" இல்லை என்றோம். "அப்ப பாலிஷ் போட்டா தெரியாதுதானே?" அவனைக் குறை சொல்லமாட்டோம். அந்நிய ஊரில் வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருப்பவனுக்கு ஐந்து உறுப்பும் முழுதாக இருக்கும் வண்டிக்கும் நான்கு உறுப்பு வண்டிக்கும் உள்ள விலை வித்தியாசம் சிறியதல்ல.

எங்கள் காதை நாங்களே முழுவதும் நம்பவில்லை. தெரிந்தவர் யாரிடமாவது காட்டவேண்டும். கரியிழை தெரிந்தவர் ஊரில் யார்? யோசித்தபோது விடை கடற்கரையில் இருந்தது. இந்தக் கரையில் கட்டுமரங்கள் குறைந்து பைபர் படகுகள் பெருகின. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்தவற்றிலும் பெரும்பகுதி பைபர் படகுகள்தாம். கண்ணாடியிழை மேட்டும் பாலியெஸ்டர் பிசினும் கொண்டு அவற்றின் வயிற்றைத் தைக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு குப்பத்திலும் இருக்கிறார்கள். இழை வேறு, பிசின் வேறு, ஆனால் நோய் ஒன்றுதான். வைத்திக்குப்பத்தில் படகு பார்க்கும் ஓர் அண்ணனிடம் மட்கார்டைக் கொண்டுபோனோம்.

அவர் நாணயம் எடுக்கவில்லை. நடுவிரல் கணுவால் நான்கு தட்டு தட்டினார். துளையைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்தினார். காதருகே வைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினார்.

"உள்ள உரிஞ்சிருக்குதும்மா. உப்புத்தண்ணி போயிருக்குது."

மேலே பூசினால் நிற்குமா என்று கேட்டோம்.

"பூசிட்டா பாக்கறவனுக்குத் தெரியாது. ஓட்டறவனுக்குத் தெரிய வரும்." பிறகு தானாகவே சொன்னார்: "சரியா செய்யணும்னா உரிஞ்ச எடத்த முழுக்கப் பொளந்து எடுத்துட்டு, நல்ல எடத்துலேர்ந்து சரிவா கட்டிக்கிட்டு வரணும். படகுன்னா செய்யலாம். இத்தனாம் பெரிசுல ஆணி புடிக்கற எடமே போயிருக்குதே, எத நம்பி கட்றது?" கூலி வாங்க மறுத்துவிட்டார். எங்களுடைய எபாக்ஸி டப்பாவைப் பற்றி விசாரித்து, விலையைக் கேட்டுவிட்டு நகைத்தார்.

முன்சக்கர மட்கார்டு வண்டியின் எடையைத் தாங்கும் உறுப்பல்ல. சக்கரம், ஸ்விங் ஆர்ம் போன்றவை கரியிழையாக இருந்து அடிபட்டிருந்தால் வீட்டில் அவற்றைத் தொடவே கூடாது, அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. மட்கார்டு வெறும் மூடிதான். ஆனால் அது சக்கரத்துக்கு இரண்டு விரற்கடை மேலே நிற்கும் மூடி. நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பக்கத் திருகாணி பிய்ந்துகொண்டால் அது சக்கரத்துக்குள் மடங்கும். அதற்குப் பிறகு நடப்பதை எழுத வேண்டியதில்லை. உடையாமலே பல ஆண்டுகள் இருக்கவும் கூடும். எங்களுக்கு அதுதான் தெரியாது, வாங்குபவருக்கு அது தெரியாது என்பதே தெரியாது.

புதுக்குதல் என்ற வேலையில் இருக்கும் சங்கடம் இதுதான் என்று தோன்றுகிறது. வெளுத்துப்போன பழைய பூச்சு அசிங்கமாக இருந்தாலும் பார்ப்பவனை எச்சரிக்கிறது, தட்டிப் பார் என்கிறது. மெருகேறிய பரப்பைப் பார்த்து யாரும் தட்டுவதில்லை. நான்கு உறுப்புகளுக்கு நாங்கள் செய்தது அவற்றின் ஆயுளை நீட்டும் வேலை. ஐந்தாவதற்கும் அதே தாளால், அதே பிசினால், அதே கைகளால் செய்திருந்தால் அதன் பெயர் வேறு. கரி என்றால் சாட்சி என்று சொன்னோமே, அந்தச் சாட்சியின் வாயை அடைக்கும் வேலை.

தம்பியிடம் மறுபடி பேசினோம். அக்காள்தான் பேசினாள், நீண்ட நேரம். நிறுவனத்தின் சாதாரணப் பிளாஸ்டிக் மட்கார்டைப் புதிதாக வாங்கிப் பொருத்தினோம். அவன் கோபமாக இருந்தான் என்பதை மறைப்பதற்கில்லை. இரண்டு வாரம் குரல் இல்லை, கட்டைவிரல் படம் மட்டும்தான் பதிலாக வந்தது.

பங்குனியில் வில்லியனூரிலிருந்து ஒரு தந்தையும் மகனும் வண்டி பார்க்க வந்தார்கள். பையனுக்கு இருபது வயது இருக்கும். டேங்க் தகட்டின் நெசவில் அவன் கண் நிலைத்துவிட்டது. தந்தை முன்சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து, "இது மட்டும் பிளாஸ்டிக்கா இருக்குதே, ஆக்சிடென்ட் வண்டியா?" என்றார். பழைய மட்கார்டைக் கொண்டுவந்து காட்டினோம். நாணயத்தைக் கொடுத்துத் தட்டச் சொன்னோம். அவர் தட்டினார், மகனைக் கூப்பிட்டு அவனையும் தட்டச் சொன்னார். மற்ற நான்கையும் தட்டிப் பார்க்கலாமா என்று கேட்டுத் தட்டினார். பிறகு பேரம் தொடங்கியது. தம்பி எதிர்பார்த்ததைவிட ஒன்பதாயிரம் ரூபாய் குறைவாக முடிந்தது. அதில் மட்கார்டின் பங்கு எவ்வளவு, அவருடைய பேரத்திறமையின் பங்கு எவ்வளவு என்று எங்களால் பிரித்துச் சொல்ல இயலாது.

பழைய மட்கார்டைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. அப்படியே போட்டால் யாராவது எடுத்து வண்டியில் மாட்டிவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி வீதிச் சந்தையில் எதுவும் மறுபிறவி எடுக்கும். எனவே ஒரு காலைப்பொழுதில் கொட்டகையில், தண்ணீர் ஊற்றிக்கொண்டே, ஆக்ஸா பிளேடால் துளையின் குறுக்கே அறுத்தோம். கழுவிவிட்டு வெளிச்சத்தில் பிடித்தபோது வெட்டுமுகத்தில் அடுக்குகள் தெரிந்தன. நடு அடுக்குக்கும் அதற்குக் கீழுள்ளதற்கும் இடையே ஒரு வெள்ளைக் கோடு, துளையிலிருந்து புறப்பட்டு ஓடியது. அலுமினியத்தின் அரிப்புப் பொடி புகுந்து விரித்திருக்கவேண்டும் என்பது எங்கள் ஊகம். நாணயம் இரண்டு விரல் அகலம் என்று சொல்லியிருந்தது. கோடு நான்கு விரலைத் தாண்டிப் போயிருந்தது. அதற்குள் நகத்தை நுழைக்க முடிந்தது.

படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினோம். அங்கே அப்போது விடியற்காலை. சிறிது நேரத்தில் பதில் வந்தது.

"இத மாட்டிக்கிட்டா நான் ஈசிஆர்ல போனேன்?"

பிறகு அவனே தொலைபேசியில் அழைத்தான். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அங்கே குளிர் இன்னும் விடவில்லை என்றும், புது வீட்டின் சமையலறையில் ஒரு சன்னல் இருக்கிறது என்றும் சொல்லிக்கொண்டிருந்தான்.